வேல்ஸ் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி? 'பாரி' வழியாக ஒரு வழிகாட்டி

திருமணமாகி நான் கார்டிஃப் வந்த புதிதில், கணவர் வீட்டுக் குடும்பப் பெயர் 'பாரி' என்று சொன்னதும் சென்னையிலிருந்து என் அத்தை கேட்ட முதல் கேள்வி, "பாரிமுனை பாரியா?" என்பதுதான். மாமனாருக்குப் பதில் தெரியவில்லை. தாத்தா ரோண்டா பள்ளத்தாக்கில் நிலக்கரி வெட்டியவர் என்பதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் யாருக்குமே எதுவும் தெரியவில்லை. சரி, நாமே தேடிப் பார்ப்போம் என்று இறங்கினேன். இரண்டு மாதத்தில் முடியும் என்று நினைத்தது ஒன்றரை ஆண்டு இழுத்தது. வழியில் வேறு யார் யாருடைய பிறப்புச் சான்றிதழ்களையோ ஏழு வாங்கிவிட்டேன். அதற்கு மட்டும் 87.50 பவுண்டு.

முறை தெரிந்திருந்தால் அந்தப் பணமும் காலமும் மிச்சம். வேல்ஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், அப்படிப் பிறந்த பிள்ளைகள், வீட்டில் ஒரு வேல்ஸ் பெயர் எப்படியோ வந்து சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். 'பாரி' என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டு வாசியுங்கள்.

1. முதலில் பெயர் எப்படி உருவானது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படிக்குச் செலவு இல்லை, ஒரு மாலைப் பொழுது போதும். தாண்டிப் போனால் மட்டும் மற்ற எல்லாப் படிகளிலும் தடுமாறுவீர்கள்.

வேல்ஸில் சாதாரண மக்களுக்கு நிலையான குடும்பப் பெயர் வெகுகாலம் இல்லை. நம் ஊர்ப் பத்திரத்தில் "முருகேசன் மகன் செல்வராஜ்" என்று எழுதுகிறோமே, அதேதான். 'மகன்' என்பதற்கு அங்கே 'அப்'. ஹாரியின் மகன் வில்லியம் என்றால் 'வில்லியம் அப் ஹாரி'. 'அப் ஹாரி' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பாரி வந்துவிடும். அப் ஹியூ 'பியூ' ஆனது, அப் ரிச்சர்ட் 'பிரிச்சர்ட்' ஆனது, அப் ஹவெல் 'பவெல்' ஆனது. உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்களிலிருந்து பெவன், போவென் போன்றவை வந்தன. மகளுக்கு 'வெர்ஹ்' என்ற சொல். பழைய ஆவணங்களில் அதை இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்கிக் கிறுக்கியிருப்பார்கள்.

எல்லாப் பெயரும் இப்படி வந்தவை அல்ல. 'லாயிட்' நரை நிறத்தைக் குறிக்கும் அடைமொழி. 'வான்' என்றால் சின்னவர், இளையவர். ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ் எல்லாம் தந்தை பெயரோடு ஆங்கில வழக்கில் ஒரு 'ஸ்' சேர்ந்தவை.

இதில் நீங்கள் மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஹாரி என்ற பெயருள்ளவருக்கு மகன் பிறந்த ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாரி குடும்பம் தனியாக முளைத்திருக்கலாம். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே உறவு ஆகிவிடாது. இரண்டு, ஹாரி என்பது ஹென்றியின் பேச்சு வடிவம். அதனால் ஒரே தந்தையின் பிள்ளைகள் பாரி, ஹாரிஸ், பென்றி என்று வெவ்வேறாகப் பதிவாகியிருக்கலாம். முதலாம் எலிசபெத் அரசியின் அரண்மனையில் கணக்கு வழக்கைக் கவனித்த சர் தாமஸ் பாரியின் தந்தை பெயர் ஹென்றி வான். தந்தை வான், மகன் பாரி! நமக்கு இது விசித்திரமே இல்லை. நம் அப்பாவின் இனிஷியல் வேறு, நம் இனிஷியல் வேறுதானே?

2. வீட்டுப் பெரியவர்களிடம் பெயரைக் கேட்காதீர்கள், வீட்டையும் சேப்பலையும் கேளுங்கள்

எல்லோரும் "தாத்தா பெயர் என்ன?" என்றுதான் தொடங்குவோம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு வட்டாரத்தில் நூறு ஜான் பாரி இருந்தால் அந்தப் பெயரை வைத்து என்ன செய்வது? கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்தப் பண்ணையில் இருந்தார்கள், வீட்டுக்கு என்ன பெயர், எந்தச் சேப்பலுக்குப் (அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையைச் சேராத கிறிஸ்தவர்களின் வழிபாட்டு இடம்) போனார்கள், என்ன தொழில் செய்தார்கள். வேல்ஸ் கிராமங்களில் ஆளை அடையாளம் சொல்வதே பண்ணைப் பெயரையோ தொழிலையோ சேர்த்துத்தான்.

வீட்டில் தேட வேண்டியவை: குடும்ப பைபிள் (முன் பக்கங்களில் பிறப்பு, இறப்பு எழுதும் பழக்கம் இருந்தது), இறந்தவர்கள் நினைவாக அச்சடித்த சிறு அட்டைகள், சேப்பல் பரிசுப் புத்தகங்கள், புகைப்படங்களின் பின்புறம்.

அப்புறம் கல்லறைகள். கல்வெட்டு வேல்ஸ் மொழியில் இருந்தால் பயப்பட வேண்டாம், பத்துச் சொல் தெரிந்தால் போதும். 'எர் கோவ் ஆம்' என்றால் 'நினைவாக'. 'ப்ரியோட்' வாழ்க்கைத் துணை, 'மாப்' மகன், 'மெர்ஹ்' மகள் (சில இடங்களில் முதல் எழுத்து மாறி 'வெர்ஹ்' ஆகும்). 'ஹெவிட்' என்றால் 'மேலும்', அதாவது அதே கல்லில் இன்னொருவர் பெயர் வரப்போகிறது. 'ஆ வீ வாரு' என்றால் 'இறந்தார்'. பெயருக்கு அடியில் பெரும்பாலும் வீட்டுப் பெயர் இருக்கும். அதைத் தவறாமல் படமெடுங்கள், பின்னால் அதுதான் சாவி.

3. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள்: பணம் போகும் இடம்

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. அதை வைத்திருப்பது பொதுப் பதிவகம், ஜிஆர்ஓ என்பார்கள். அவர்கள் தளத்தில் கணக்குத் தொடங்குவதும் அட்டவணையில் தேடுவதும் இலவசம். ஆவணத்துக்குத்தான் காசு. 2024 ஏப்ரலில் உயர்ந்த கட்டணப்படி காகிதச் சான்றிதழ் 12.50 பவுண்டு, பிடிஎஃப் 8 பவுண்டு, திரையில் உடனே பார்க்கும் மின்படம் 3 பவுண்டு. கட்டணம் மாறக்கூடியது, ஆர்டர் போடும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மின்படம் நூறு ஆண்டு கடந்த பிறப்புகளுக்கும் 1837 முதல் 1887 வரையிலான இறப்புகளுக்கும் கிடைக்கிறது. திருமணச் சான்றிதழ் காகிதத்தில் மட்டுமே.

நான் விழுந்த குழி இதுதான். பெயர், ஆண்டு, மாவட்டம் மூன்றும் பொருந்தியதும் காகிதச் சான்றிதழுக்குப் பணம் கட்டினேன். வட வேல்ஸில் உள்ள பேங்கர் பதிவு மாவட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் அதே பெயரில் ஐந்து குழந்தைகள் பிறந்திருந்தன! ஐந்தையும் வாங்கிப் பார்த்தேன்.

அப்படிச் செய்யாதீர்கள். ஜிஆர்ஓவின் இணைய அட்டவணையில் பிறப்புகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1837 முதலே இருக்கிறது. மற்றத் தளங்களில் உள்ள பழைய காலாண்டு அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஆகவே முதலில் பெற்றோரின் திருமணத்தைக் கண்டுபிடித்துத் தாயின் பெயரை உறுதி செய்யுங்கள். அப்புறம் குழந்தைகளைத் தேடினால் ஐந்து பேர் ஒருவராகக் குறைவார். தாயும் ஜோன்ஸ் அல்லது வில்லியம்ஸ் என்றால் இதுவும் முழுதாக உதவாது. அப்போது சகோதரர்களில் அரிய முதற்பெயர் உள்ளவரைப் பிடித்துத் தேடுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு காகிதச் சான்றிதழ் வாங்கத்தான் வசதி என்றால் திருமணச் சான்றிதழை வாங்குங்கள். மணமகன், மணமகள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் அதில் இருக்கும். தாயார் பெயர் இருக்காது, அது 2021 மே மாதத்திலிருந்துதான் சேர்க்கப்படுகிறது.

இன்னொரு விஷயம். ஜிஆர்ஓவின் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தால் அவர்களுக்கு அது பயன்படாது, அவர்கள் எண் முறை வேறு. வட வேல்ஸ் என்றால் 'நார்த் வேல்ஸ் பிஎம்டி' என்ற தன்னார்வலர் தளம் உள்ளூர் எண்ணை இலவசமாகத் தருகிறது. திருமணம் எந்தத் தேவாலயத்தில் அல்லது சேப்பலில் நடந்தது என்றும் அதில் பல நேரம் தெரியும். வாங்கும் முன்பே அந்தச் சேப்பல் நம்முடையதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

4. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: 1921இலிருந்து பின்னோக்கி வாருங்கள்

ஆள்வாரியான கணக்கெடுப்பு ஏடுகள் 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒன்றாகப் பார்க்கக் கிடைக்கின்றன. 1931 ஏடுகள் தீயில் அழிந்தன, 1941இல் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேடு உதவும்.

முன்னோக்கி வரவே கூடாது. "எங்கள் முன்னோர் இவராகத்தான் இருக்க வேண்டும்" என்று 1841இல் ஒருவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் யார் குடும்பத்திலோ போய் நிற்பீர்கள்.

1911 ஏட்டில் மாமனாரின் தாத்தா ரோண்டாவில் இருந்தார். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் வடக்கே கார்நார்வன்ஷயரில் உள்ள லான்லெஹிட் என்று இருந்தது. அந்த ஒரு சொல்லை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். தெற்கத்தியர்கள் என்றே நம்பியிருந்த குடும்பம் அது. லான்லெஹிட் வட்டாரம் பென்ரின் கற்பலகைக் குவாரியை நம்பிப் பிழைத்தது. 1900 நவம்பரில் அங்கே தொடங்கிய வேலைநிறுத்தம் மூன்று ஆண்டு நீடித்தது. வேலை இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1901 ஏட்டில் அவரைத் தேடினேன். ரோண்டாவில் யாரோ ஒருவர் வீட்டில் வாடகைக்குத் தங்கிய இளைஞராக இருந்தார்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு குறிப்பு: தென் வேல்ஸ் சுரங்க ஊர்களில் இருக்கும் குடும்பம் அங்கேயே தோன்றியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறந்த ஊர்க் கட்டத்தைப் பாருங்கள்.

1851க்கு முந்தைய ஏட்டை எச்சரிக்கையோடு கையாளுங்கள். ஒருவர் எந்தத் திருச்சபை வட்டத்தில் பிறந்தார் என்பது 1841 ஏட்டில் இருக்காது. பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதியிருப்பார்கள், 39 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார். 1891இல் வேல்ஸில் மட்டும் எந்த மொழி பேசுகிறார் என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிரித்தறிய அது சில நேரம் உதவும்.

செலவு: பணம் கட்டும் தளங்களில் முதல் நாளே ஆண்டுச் சந்தா எடுக்காதீர்கள். இங்குள்ள பல பொது நூலகங்களில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். அபெரிஸ்டுவித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்திலும் அப்படியே. 'ஃபேமிலிசர்ச்' என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் கணக்கு இலவசம். தேட வேண்டியவற்றை முதலில் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு மாதச் சந்தா எடுத்தால் போதும்.

5. தேவாலயமா, சேப்பலா? இதைத் தெரியாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போகாதீர்கள்

1837க்கு முன்னால் போக மதப் பதிவுகள்தான் வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டு வேல்ஸில் மக்களில் பெரும்பகுதியினர் ஆங்கிலிக்கன் தேவாலயத்தை விட்டுச் சேப்பல் பக்கம் போய்விட்டார்கள். கால்வினிய மெதடிஸ்டுகள், சுயாதீனர்கள், பாப்டிஸ்டுகள், வெஸ்லியர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு. பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. குழந்தையின் ஞானஸ்நானப் பதிவு இல்லையே என்று மாதக்கணக்கில் தேடி ஏமாறாதீர்கள்.

1837ஐ ஒட்டி அரசிடம் ஒப்படைக்கப்பட்ட சேப்பல் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற தொகுதியில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். பிற்காலத்தவை சில மாவட்டக் காப்பகங்களிலும் தேசிய நூலகத்திலும் உள்ளன, பல காணாமலே போய்விட்டன. அப்படிப் போனால் மனம் தளர வேண்டாம். சேப்பல்கள் அச்சடித்த ஆண்டறிக்கைகளில் யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார் என்று பெயர் பெயராக இருக்கும், வீட்டுப் பெயரோடுகூட.

திருமணம் மட்டும் வேறு. 1754இலிருந்து 1837 வரை, குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லோரும் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டும். எவ்வளவு தீவிரச் சேப்பல் குடும்பமானாலும் அந்தக் காலத் திருமணத்தைத் தேவாலயப் பதிவேட்டில் தேடுங்கள்.

1813இலிருந்து ஞானஸ்நானப் பதிவுகள் அச்சிட்ட படிவத்தில் வருவதால் தந்தையின் தொழிலும் இருப்பிடமும் கிடைக்கும். அதற்கு முன் ஒற்றை வரிதான். 1752க்கு முன்பு ஆண்டு மார்ச் 25 அன்று தொடங்கியது. ஆகவே '1740 பிப்ரவரி' என்று இருந்தால் நம் கணக்கில் அது 1741.

நேரில் போவதற்கு: கார்நார்வன், ஆங்கிள்சித் தீவின் லங்கெவ்னி, ரிதின், ஹார்டன் ஆகிய ஊர்களில் வட வேல்ஸ் காப்பகங்கள் உள்ளன. படமுள்ள அடையாள அட்டை, முகவரிச் சான்று இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த நாள் திறந்திருக்கும், மேசைக்கு முன்பதிவு வேண்டுமா என்று மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஒரு முறை இதைச் செய்யாமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன். பென்சில் கொண்டு போங்கள், பேனாவுக்கு அனுமதி இல்லை.

6. பெயர் அறுந்துபோகும் இடம்

ஏதோ ஒரு தலைமுறையில் குடும்பப் பெயர் சட்டென்று மறையும். பதிவேடு தொலைந்துவிட்டது என்று நினைத்து அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். உண்மையில் அதுதான் நீங்கள் தேடிவந்த இடம், பெயர் பிறந்த இடம்.

எங்களுக்கு அது 1790களில் வந்தது. அப்போது ஆங்கிள்சித் தீவில் பிறந்து, பிறகு லான்லெஹிட்டுக்குக் குவாரி வேலைக்கு வந்த ஒரு வில்லியம் பாரி. தீவில் பாரி என்ற பெயரில் அவருக்கு ஞானஸ்நானப் பதிவே இல்லை. நான்கு மாதம் தேடினேன். பிறகு பாரியை விட்டுவிட்டு, அதே ஆண்டுகளில் 'ஹாரி' என்ற தந்தைக்குப் பிறந்த வில்லியம்களைத் தேடினேன். தந்தையின் பெயர் ஹாரி வில்லியம்ஸ் என்று இருந்தது. அவருடைய தந்தை வில்லியம். தாத்தா பெயர் பேரனுக்கு! நம் வீடுகளில் நடப்பதுதானே.

ஆகவே செய்ய வேண்டியது இது. குடும்பப் பெயரிலிருந்து தந்தையின் முதற்பெயரைப் பிரித்தெடுங்கள்: பாரி என்றால் ஹாரி அல்லது ஹென்றி, பியூ என்றால் ஹியூ. அந்தப் பெயரைத் தந்தையின் கட்டத்தில் போட்டு, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுத் தேடுங்கள். கிடைத்தவரை வீட்டுப் பெயரோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அவர் உங்கள் ஆள் அல்ல. பெண்களை மறந்துவிடாதீர்கள். பழைய வழக்கப்படி மணமான பிறகும் பெண்கள் தங்கள் பெயரையே வைத்திருந்தார்கள், உயிலிலும் அடக்கப் பதிவிலும் கணவர் பெயரில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

உயில்கள்தான் இந்த இடத்தில் பெரிய துணை. 1858க்கு முன் வேல்ஸ் திருச்சபை நீதிமன்றங்களில் உறுதிசெய்யப்பட்ட உயில்கள் தேசிய நூலகத் தளத்தில் இலவசமாக உள்ளன. ஒரு பண்ணையாளர் தம் பிள்ளைகள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதியிருந்தால், எந்த மகன் எந்தப் பெயரை எடுத்தார் என்று ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். 1858 ஜனவரி 12க்குப் பிந்தைய உயில்கள் அரசுத் தளத்தில், கட்டணத்தோடு. அதே தேசிய நூலகம் 1840ஐ ஒட்டிய தசமபாக வரைபடங்களையும் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்குக் கொடுக்கும் வரிக்காக நிலங்களைக் குறித்தவை) 1919 வரையிலான செய்தித்தாள்களையும் இலவசமாகத் தருகிறது. வரைபடத்தில் பண்ணைப் பெயரைத் தேடினால் நிலம் யாருடையது, குத்தகைக்கு யார் இருந்தார் என்று வரும்.

7. காசு கொடுக்கக் கூடாதவை

'உங்கள் குடும்பச் சின்னம்' என்று சட்டமிட்டு விற்கும் கேடயப் படங்கள். சின்னம் தனிநபருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, பெயருக்கு அல்ல. ஏதோ ஒரு பாரிக்குக் கிடைத்த சின்னம் எல்லாப் பாரிகளுக்கும் உரியதாகாது.

டிஎன்ஏ சோதனையை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நெருங்கிய உறவுகளைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் ஆண்வழிச் சோதனை செய்து குடும்பப் பெயரை நிறுவலாம் என்று நினைத்தால், வேல்ஸில் அது எளிதில் கைகொடுக்காது. பெயர் நிலைபெற்றே ஆறேழு தலைமுறைதான் ஆகியிருக்கும்.

இன்னொருவர் இணையத்தில் போட்டிருக்கும் குடும்ப மரத்தையும் அப்படியே நகலெடுக்காதீர்கள். எங்கள் வில்லியமுக்கு மூன்று மரங்களில் மூன்று வெவ்வேறு தந்தையர் இருந்தார்கள்.

8. உங்கள் பெயர் மதராஸ் வரை வந்திருந்தால்

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னை மாகாணத்துத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் மதராஸுக்கு என் 2 என்ற வரிசை. பணம் கட்டும் தளம் ஒன்றில் படங்களாகவும் பார்க்கலாம். அதற்கு முன் ஃபிபிஸ் என்ற பிரித்தானிய இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிவிடுங்கள். அங்கே பெயரும் ஆண்டும் கிடைத்தால் மற்றது எளிது.

பாரிமுனைக்குப் பெயர் கொடுத்த தாமஸ் பாரி 1768இல் பிறந்தவர். வேல்ஸின் கிழக்கு எல்லையில் வெல்ஷ்பூல் பக்கம் லேட்டன் அவர் ஊர். 1788இல் மதராஸ் வந்தார், 1824இல் பரங்கிப்பேட்டையில் காலராவில் இறந்தார். ஆங்கிள்சியில் எங்கள் ஹாரி வில்லியம்ஸ் தம் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, அந்தத் தாமஸ் மதராஸில் பாரியாகவே வணிகம் செய்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பாரி என்ற பெயர் அப்போது இன்னும் பிறக்கவே இல்லை. அத்தைக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "அப்போ அவங்க வேற ஹாரியோட பிள்ளைங்க" என்றார்.